வாசகர் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை: புத்தகக் கடைக்காரர்கள் பரிந்துரைத்த புதிய புனைகதைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, அன்பார்ந்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முடிந்த ஆண்டில் நம் சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கூட்டங்கள் நடந்த தேதிகளையும் படித்த நூல்களையும் வரிசையாக அடுக்குவதே இதுவரை இருந்த வழக்கம். இந்த ஆண்டு சங்கம் ஒரே ஒரு காரியத்தைத்தான் முனைந்து செய்தது. ஆகவே அதை விரிவாகச் சொல்லிவிட்டு, மற்றவற்றைச் சில வரிகளில் முடித்துக்கொள்ள அனுமதி கோருகிறேன்.

மாத வாசிப்புக்கான புதிய நாவல்களையும் சிறுகதைத் தொகுப்புகளையும் விருதுப் பட்டியல்களிலிருந்தும் விற்பனைப் பட்டியல்களிலிருந்தும் எடுப்பதை ஓராண்டுக்கு நிறுத்திவைப்பது, தனிக் கடை நடத்தும் புத்தகக் கடைக்காரர்கள் தாங்களே படித்துப் பரிந்துரைப்பவற்றிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் அல்ல அது. அதை முன்மொழிந்தவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. விற்பனைப் பட்டியல் ஏற்கெனவே விற்றதைச் சொல்கிறது. விருதுப் பட்டியல் புத்தகம் வந்து பல மாதங்கள் கழித்தே பேசத் தொடங்குகிறது. பெயர் தெரியாத ஒருவரின் முதல் நாவல் வெளிவந்த முதல் சில வாரங்களில், அதைப் படித்துவிட்டு வாய் திறந்து பேசுகிறவர் பெரும்பாலும் கடைக்காரர் ஒருவர்தான்.

அந்தச் சில வாரங்கள் ஏன் முக்கியம் என்பதை நானே இந்த ஆண்டில்தான் புரிந்துகொண்டேன். உலகின் பல இடங்களில் புத்தக வணிகம் திருப்பி அனுப்பும் உரிமையின் மீது நடக்கிறது: விற்காத பிரதிகளைக் கடை குறிப்பிட்ட காலத்துக்குள் பதிப்பாளருக்கோ விநியோகஸ்தருக்கோ திருப்பிவிடலாம். அதனால் கடையின் முன்மேசையில் புதிய புத்தகத்துக்குக் கிடைக்கும் இடம் தற்காலிகமானது. அடுத்த மாதப் புத்தகங்கள் வந்ததும் அது உள் அலமாரிக்குப் போகிறது, அங்கிருந்து பெட்டிக்குள் போகிறது. பதிப்பாளர்கள் வெளியீட்டுக்குச் சில மாதங்கள் முன்பே, மெய்ப்புத் திருத்தம் முடியாத முன்பிரதிகளை விற்பனைக்கு அல்ல என்ற குறிப்போடு கடைக்காரர்களுக்கு அனுப்பிவைப்பது இதற்காகத்தான். வேலை நேரம் முடிந்தபின் வீட்டில், சம்பளக் கணக்கில் சேராமல், அந்தப் பிரதிகளைப் படிக்கிற ஒருவர் பிடித்துப்போய்ப் பேசினால் புத்தகம் மேசையில் தங்கும். பேசாவிட்டால் பெட்டிக்குள் போகும்.

விற்கிறவன் தன் சரக்கைக் குறை சொல்வானா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் முதல் கூட்டத்திலேயே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே நிறுவனம் பல ஊர்களில் நடத்தும் பெரிய சங்கிலிக் கடைகளில் முன்மேசையும் கண்ணாடி அலமாரியும் பதிப்பாளர்கள் பணம் கொடுத்துப் பெறும் இடங்களாக நெடுங்காலம் இருந்தன. 'எங்கள் பரிந்துரை' என்று எழுதியிருந்தாலும் அது வாடகைக்கு விட்ட இடமாகவே இருந்திருக்கிறது. பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் கடைகளுக்கு 2011-இல் ஜேம்ஸ் டான்ட் பொறுப்பேற்றபோது, அந்த வருமானத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு, எந்தப் புத்தகத்தை எங்கே வைப்பது என்ற முடிவை அந்தந்தக் கடை ஊழியர்களிடமே கொடுத்தார். சொந்தமாகத் தனிக் கடை நடத்திப் பழகியவர் அவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தனிக் கடைக்காரருக்கும் விற்பனை ஆசை உண்டு. ஆனால் மோசமான நாவலை நம்மிடம் தள்ளிவிட்டால் அடுத்த வாரமும் நம் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர். அவருடைய பரிந்துரைக்கு நான் தரும் மதிப்பில் பாதி இந்தச் சங்கடத்துக்கானது.

கடைக்காரர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் புதியதன்று என்பதையும் உறுப்பினர்கள் தேடிப் படித்து வந்து கூட்டங்களில் பேசினார்கள். இத்தாலியின் பங்கரெல்லா பரிசு பற்றிய பேச்சு எல்லோருக்கும் பிடித்திருந்தது. பொந்த்ரெமோலியைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து கூடையில் புத்தகம் சுமந்து ஊர் ஊராக விற்றவர்களின் மரபில் வந்த வியாபாரிகள் ஏற்படுத்திய பரிசு அது; 1953-இல் முதல் பரிசை ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' நாவலுக்குக் கொடுத்தார்கள். மறு ஆண்டில்தான் அவருக்கு நோபல் பரிசு வந்தது. பிரான்சின் கடைக்காரர்களுக்கு 1955 முதல் தனிப் பரிசு உண்டு. அமெரிக்கப் புத்தக வணிகர் சங்கம் 1999-இல் 'புக் சென்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய பரிந்துரை முயற்சி, பின்னர் 'இண்டி நெக்ஸ்ட்' என்ற மாதப் பட்டியலாக மாறி இன்றும் வருகிறது. தனிக் கடைகளில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் சிறு குறிப்புகளே அதன் உடல்.

எனக்கு மிகவும் உவப்பான ஏற்பாடு ஜப்பானுடையது. 2004-இல் தொடங்கிய 'ஹொன்யா தைஷோ' பரிசுக்குப் புதிய புத்தகங்களை விற்கும் கடைகளின் ஊழியர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். அங்கே சங்கிலிக் கடை ஊழியர்களும் வாக்காளர்களே. எனவே நம் தீர்மானத்தின் வரம்புக்குள் அது முழுதாக அடங்காது. இருந்தாலும் முறையைக் கவனியுங்கள். முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று நூல்கள். இரண்டாம் சுற்றுக்கு வந்த பத்து நூல்களையும் படித்து முடித்து, ஒவ்வொன்றுக்கும் கருத்து எழுதினால்தான் வாக்கு. பத்தையும் படிக்காமல் வாக்களிக்க முடியாது என்ற இந்த விதியை நம் செயற்குழுத் தேர்தலுக்கும் கொண்டுவரலாமா என்று பொருளாளர் கேட்டது நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. முதல் பரிசு பெற்றது யோகோ ஒகவாவின் நாவல்: எண்பது நிமிடங்களுக்கு மேல் எதுவும் நினைவில் தங்காத ஒரு கணிதப் பேராசிரியர், மறக்கக் கூடாதவற்றைத் துண்டுக் காகிதங்களில் எழுதித் தன் உடுப்பில் குத்திக்கொள்கிறார். கையால் பரிந்துரை எழுதிய அட்டைகளைக் கடை அலமாரியில் ஒட்டுவதே தொழிலாக இருப்பவர்களுக்கு அந்தப் பேராசிரியரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அத்தகைய அட்டைகளைப் பற்றிச் சொல்லுமுன், நாம் பரிந்துரை கேட்ட முறையைச் சொல்ல வேண்டும். பரிந்துரை கேட்கப் போகும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்பது என்று செயற்குழு முடிவு செய்தது. நீங்களே கடைசிப் பக்கம்வரை படித்தீர்களா? இதை யாருக்குக் கொடுக்கமாட்டீர்கள்? இதற்கு முன் மனதாரப் பரிந்துரைத்து, வாங்கியவர் ஏமாந்துபோன புத்தகம் எது? முதல் கேள்விக்குச் சிலர் தயங்கினார்கள். தயங்கியவர்களின் நேர்மையைப் பாராட்டி, அந்த நூல்களைத் தள்ளிவைத்தோம். மூன்றாவது கேள்விக்குத்தான் சிரிப்பும் நீண்ட பேச்சும் கிடைத்தன. ஆனால் பயன் அதிகம் தந்தது இரண்டாவது கேள்வி. 'அப்பாவை அண்மையில் பறிகொடுத்தவருக்கு இப்போது கொடுக்கமாட்டேன்' என்று ஒருவர் சொன்னது, அந்த நாவலைப் பற்றிப் பின்னட்டை முழுவதும் சொல்லாததைச் சொல்லிவிட்டது.

ஆண்டின் நடுவில் நாம் படித்த ஒரு முதல் நாவலோடு வந்த அட்டையை அப்படியே குறிப்பேட்டில் ஒட்டிவைத்திருக்கலாம். ஒட்டாமல் புத்தகத்துக்குள்ளேயே விட்டது என் தவறு. உள்ளங்கை அளவு அட்டை, நீல மை, ஓர் இடத்தில் எழுதி அடித்துத் திருத்தியிருந்தது. 'முதல் நாற்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்.' அவ்வளவுதான். நெஞ்சை உருக்கும், தவறவிடக் கூடாத, நம் காலத்தின் முக்கியமான என்று பின்னட்டைகள் கூவுகின்றன. ஒரே சொற்கள் எல்லா நூல்களிலும் இடம் மாறி உட்காருகின்றன. இந்த அட்டையோ ஒரு குறையை ஒப்புக்கொண்டு தொடங்கி, கதையைச் சொல்லாமலே கதவைத் திறந்துவைத்தது. அந்த மாதம் நாற்பதாம் பக்கத்துக்கு முன் புத்தகத்தை மூடியவர் நம்மில் எவரும் இல்லை. அண்ணன் வந்த பிறகு மூடியவர்கள் உண்டு என்பதையும் உண்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

சறுக்கல்களுக்கு வருகிறேன். உரையாடலுக்கு மேற்கோள்குறியே இல்லாமல், பத்தி பிரிக்காமல் எழுதப்பட்ட ஒரு நாவலை இரண்டு கடைக்காரர்கள் தனித்தனியே பரிந்துரைத்தார்கள். இரண்டு வாய்கள் ஒன்றையே சொல்கின்றன என்ற நம்பிக்கையில் எடுத்தோம். கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முடிக்காமல் வந்தார்கள், சிலர் வரவே இல்லை. பரிந்துரைத்தவர்களில் ஒருவரிடம் போய்க் கேட்டபோது, 'நான் அதை ஒரே இரவில் ரயிலில் படித்தேன், நீங்கள் நாலு வாரம் துண்டு துண்டாகப் படித்திருப்பீர்கள்' என்றார். தப்பிக்கும் பதிலாகத் தோன்றினாலும் அதில் உண்மை இருந்தது. சில நூல்கள் மூச்சுவிடாமல் படித்தால்தான் ஓடும். அதற்குப் பின், எப்படிப் படித்தீர்கள் என்பதையும் நான்காவது கேள்வியாகச் சேர்த்துக்கொண்டோம்.

இன்னொரு மாதம், சிறிய பதிப்பகம் ஒன்று வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பு முதல் அச்சிலேயே தீர்ந்து, மறுஅச்சு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. கைக்குக் கிடைத்த சில பிரதிகளைச் சுற்றுக்கு விட்டுக் கூட்டத்தை நடத்தினோம். முன்கூட்டியே ஆர்டர் கொடுக்காதது செயலாளரின் குற்றமே அன்றிப் பதிப்பகத்தின் குற்றம் அன்று. சிறிய பதிப்பகங்கள் குறைவாக அச்சிடுவது பணமுடையால். ஆனால் கடைக்காரர்களின் வாய்ச்சொல்லால் அதிகமாகப் பரவுபவையும் அவர்கள் நூல்களே. பால் ஹார்டிங்கின் 'டிங்கர்ஸ்' நாவல் இதற்குச் சரியான சான்று: மரணப் படுக்கையில் கிடக்கும் கடிகாரம் பழுதுபார்ப்பவரைப் பற்றிய அந்தச் சிறு நாவலைப் பல பதிப்பகங்கள் மறுத்தபின், பெல்வியூ லிட்டரரி பிரஸ் என்ற சிறிய பதிப்பகம் 2009-இல் கொண்டுவந்தது, அமெரிக்கத் தனிக் கடைக்காரர்கள் கைக்குக் கை அதைக் கொண்டுசேர்த்தார்கள், 2010-இல் அது புலிட்சர் பரிசு பெற்றது.

கடைக்காரர்களின் ரசனைக்கும் வளைவுகள் உண்டு. புத்தகக் கடையில் நடக்கும் நாவல்களை அவர்கள் அளவுக்கு மீறிப் பரிந்துரைக்கிறார்கள். ஆண்டுக்கு அத்தகைய நூல் ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை என்று செயற்குழு ஒருமனதாக விதி செய்தது. சிறுகதைத் தொகுப்புகளைப் பரிந்துரைக்கத் தயங்குகிறார்கள். பத்துக் கதைகளை ஒரு அட்டையில் எப்படிச் சொல்வது என்கிறார்கள். அளவில் பெரிய நாவல்களையும் அவர்கள் அதிகம் தொடுவதில்லை. வாரத்துக்குப் பல முன்பிரதிகள் குவியும் மேசையில் அறுநூறு பக்க நூல் அடியிலேயே கிடப்பது இயற்கை. மொழிபெயர்ப்புகளின் பக்கம் மட்டும் அவர்களுக்குத் தனிப் பாசம். நாமாகத் தேடியிருக்க முடியாத நாடுகளின் புதிய எழுத்து இந்த ஆண்டு நம் கைக்கு வந்ததற்கு அதுவே காரணம்.

விவாதம் சூடேறிய ஒரு கூட்டத்தையும் பதிவு செய்ய வேண்டும். கடையில் நின்று பரிந்துரையைக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து இணையத்தில் தள்ளுபடி விலைக்கு வாங்குவது சரியா என்ற கேள்வி எழுந்தது. சில நாடுகள் இதைச் சட்டத்தால் தீர்த்திருக்கின்றன: பிரான்சில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது, ஜெர்மனியிலும் எல்லாக் கடைகளும் ஒரே விலைக்கு விற்க வேண்டும் என்ற நிலைவிலைச் சட்டம் உண்டு. பிரிட்டனிலோ 1900 முதல் இருந்த நிலைவிலை ஒப்பந்தம் 1990-களின் நடுவில் குலைந்து, 1997-இல் நீதிமன்றத் தீர்ப்பாலும் முடிவுக்கு வந்தது. சட்டம் இல்லாத இடத்தில் கடைக்காரரின் வாசிப்பு இலவச உழைப்பாகிறது. எல்லா உறுப்பினர்களின் பணவசதியும் ஒன்றல்ல என்ற மறுப்பும் நியாயமானது. முடிவில், சங்கப் பிரதிகளை மட்டும் பரிந்துரைத்த கடையிலேயே வாங்குவது, உறுப்பினர்களின் சொந்தப் பிரதி அவரவர் விருப்பம் என்று தீர்மானித்தோம். இது ஒரு நடுவழி; எனக்கு முழு நிறைவு இல்லை.

மாதக் கூட்டங்கள் ஒன்றும் தவறவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலகப் பதிவேடு புதிதாக எழுதப்பட்டிருக்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் முன்மொழிவுகள் மூன்று. தேர்வு முறையை இன்னும் ஓராண்டு தொடர்வது; காலாண்டுக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பை, கடைக்காரர்கள் தயங்கினாலும் விடாமல் கேட்டு வாங்குவது; நூலைப் படித்தபின் நம் உறுப்பினர் ஒருவர் மூன்று வரியில் ஓர் அட்டை எழுதி, பாராட்டோ குறையோ, பரிந்துரைத்தவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பது. மூன்றாவது முன்மொழிவு என்னுடையது என்பதால் அதன்மீது நான் வாக்களிக்கப் போவதில்லை.

அண்ணன் திரும்பி வரும் அந்த நாவலின் சங்கப் பிரதி ஒன்று இன்னும் நூலகத்துக்குத் திரும்பவில்லை. வைத்திருப்பவர் அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவந்து சேர்க்குமாறும், உள்ளே இருக்கும் நீல மை அட்டையைப் பக்க அடையாளமாகப் பயன்படுத்தி மடித்துவிடாமல் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்