தம்பிக்கு, கடைமடையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். போன் பண்ணினால் உனக்கு உடனே ஏதாவது வேலை வந்துவிடுகிறது, அதனால்தான் காகிதம்.

குறுவை அறுத்தாச்சு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள் என்றுதான் பேர், நம்ம வாய்க்காலுக்கு எப்போது வந்தது என்று உனக்குத் தெரியாதா. போர்வெல் தண்ணிதான் காப்பாற்றியது. அது இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வாட்ஸப்பில் உன் படத்தை எடுத்துவிட்டாய் போல. அம்மா தினம் திறந்து, மூஞ்சியில்லாத அந்தப் பொம்மையைப் பார்த்துவிட்டு வைக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியம்மா “எப்ப வர்றே?” என்றதற்கு, வேலை போனதைக் குத்திக் காட்டுகிறாள் என்று போனை வைத்துவிட்டாயாமே! அவள் முறுக்குக்கு எவ்வளவு மாவு அரைப்பது என்பதற்காகக் கேட்டாள். தன்னையே மட்டமாக நினைக்க ஆரம்பித்தால் நல்ல வார்த்தையும் குத்தலாகத்தான் காதில் விழும். அப்புறம் ஜனத்தோடு சேரத் தோன்றாது. நாலு நாள் யாரும் கூப்பிடாவிட்டால், “நான் நினைச்சது சரிதான்” என்று மனசு அதையே சாட்சியாக எடுத்துக்கொள்ளும். சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. நேரத்துக்குச் சாப்பிடு.

இந்த வருசம் கொள்முதல் நிலையத்தில் நம்ம நெல்லுக்கு ஈரம் பார்க்கிற மெஷின் 19 சதவீதம் காட்டியது. 17-க்கு மேல் எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டி ரெண்டு வெயில் காட்டினோம், அதே நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடித்துத் தைத்துவிட்டார்கள். ஈரம் என்றுதான் திருப்பினார்கள், பதர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நீ என்னடாவென்றால் கம்பெனிக்காரன் ஒரு நாள் சொன்னதை உன் தலையெழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

கஜா புயல் அடித்த 2018-ல் கரண்டே இல்லாமல் கிடந்தபோது, சிம்னி வெளிச்சத்தில் தெருவுக்கே நிவாரண மனு எழுதிக் கொடுத்தது யார்? ராயர் வீட்டுக் கொல்லையில் விழுந்த தென்னையை ஒவ்வொன்றாக எண்ணி எழுதினாயே. இன்றைக்கும் டீக்கடையில் அதைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளை, அக்காவுக்கு ஒரு போன் பண்ண யோசிக்கிறது. எனக்குக் கோபம்தான்.

எங்களிடம் சொல்ல வேண்டாம். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. 14416 என்று ஒரு நம்பர், மனசுக் கஷ்டத்தைப் பேசுவதற்கான அரசாங்க உதவி நம்பர், டெலி மானஸ் என்கிறார்கள், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்களாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம் என்று எதிர்வீட்டு நர்சம்மா சொன்னது. நெஞ்சு வலிக்கு நான் டாக்டரிடம் போனபோது வெட்கப்பட்டேனா?

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பஸ் ஏறிவிடு, திருத்துறைப்பூண்டிக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று பெரியம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவளால் முடியாது, இருந்தாலும் சொல்லியிருக்கிறேன். டிக்கெட்டுக்கு அக்கா பணம் போடுவாள், திருப்பி அனுப்பாதே.

அப்பா