கிழங்கு வெந்த தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள்

நம்ம பக்கத்துச் சமையலை எழுதியும் வீடியோ எடுத்தும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும்,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் போடுகிற குறிப்புகளை விடாமல் பார்க்கிறவள் நான். தேங்காயை வறுத்தரைத்து வைக்கிற தீயலும், மோர்க்குழம்பு மாதிரியான புளிசேரியும் இன்று சென்னையிலும் துபாயிலும் கொதிக்கிறது என்றால் அதில் உங்களுக்குப் பெரிய பங்கு உண்டு, சந்தோஷம். ஆனால் குறிப்பைச் சுருக்கும்போது எதை வெட்டுகிறோம் என்று கொஞ்சம் பார்த்து வெட்டுங்கள்.

இந்த மடலை எழுத வைத்தது மரச்சீனிக் கிழங்கு, வெளியூரில் மரவள்ளி என்பார்கள். சமீபத்தில் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. தொலியை உரித்து, கிழங்கை பெரிய துண்டாக நறுக்கி, குக்கரில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, நாலு விசில். தண்ணீரை வடிக்கக் கூடாதாம், சத்து போய்விடுமாம். கீழே எத்தனையோ பேர் ‘சூப்பர், நேரம் மிச்சம்’ என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பகீரென்றது.

நம்ம வீடுகளில் கிழங்கை எப்படி அவிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். வெளித்தொலியோடு உள்ளே தடிப்பாக இருக்கும் தொலியையும் சேர்த்து உரித்து, சின்னதாக வெட்டி, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, பெரிய பானையில் கிழங்கு முங்கி நிற்கிற அளவு தண்ணீர் வைத்து, மூடாமல் கொதிக்க விடுவார்கள். கிழங்கு வெடித்துப் பூத்து வரும்போது தண்ணீரை ஒட்ட வடித்துக் கொட்டுவார்கள். கொஞ்சம் கசப்பு என்று சந்தேகம் வந்தால் புதுத் தண்ணீர் வைத்து இன்னொரு கொதி. அதற்கப்புறம்தான் உப்பு, அரைத்த தேங்காய், சீரகம், பூண்டு, காந்தாரி மிளகாய் எல்லாம். மரக்கரண்டியால் மயக்குவது, அதாவது மசிப்பது, கடைசியில்.

அந்தக் கொட்டுகிற தண்ணீரில்தான் விஷயம் இருக்கிறது. மரச்சீனியில் லினமரின் என்று ஒரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் கிழங்கிலேயே இருக்கிற நொதி அதை உடைக்கிறது, அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. அது 26 டிகிரிச் சூட்டிலேயே ஆவியாகிற பொருள், திறந்த பானையில் போய்விடும். உடையாமல் மிச்சம் இருக்கிற லினமரினோ தண்ணீரில் கரையும், வடிக்கிற தண்ணீரோடு போகும். சின்னதாக வெட்டுவதும், நிறையத் தண்ணீர் வைப்பதும், மூடாமல் விடுவதும், வடிப்பதும் சும்மா வந்த பழக்கம் இல்லை. கிழங்குத் தொலியையும் இலையையும் தின்ற ஆடு நுரை தள்ளி விழுந்த கதை நம்ம பக்கத்தில் கேட்காதவர் உண்டா? ஆட்டுக்கு ஆகாததைக் குக்கரில் பூட்டி வைத்து, சத்து என்று மனுஷனுக்குக் கொடுக்கலாமா?

‘நாங்கள் குக்கரில்தான் வைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்பீர்கள். சரி, உங்களுக்கு ஆகாது. நீங்கள் சந்தையில் பார்த்து வாங்குவது கசப்பு குறைந்த, அவித்துத் தின்கிற ரகம். தெரிந்த கடைக்காரர், அன்று காலை பிடுங்கிய கிழங்கு. ஆனால் உங்கள் குறிப்பைப் படிக்கிறவர் எங்கே இருக்கிறார்? சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்கென்றே கிழங்கு போடுகிறார்கள். மாவு நிறைய கிடைக்க வேண்டும் என்று வளர்க்கிற ரகங்கள் அவை, சிலவற்றில் கசப்பு கூடுதல். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களிலேயே அவித்துத் தின்ன ஸ்ரீ ஜயா, ஸ்ரீ விஜயா என்று சில, ஆலைக்கு எச்-226 மாதிரி சில. வெளியூரில் தள்ளுவண்டியில் வாங்குகிற பெண்ணுக்கு அது எந்த ரகம் என்று யார் சொல்வது? அவளுக்கு உங்கள் குறிப்பு மட்டும்தான் துணை. அதில் ‘வடித்துக் கொட்டவும்’ என்ற இரண்டு வார்த்தை இல்லையென்றால் அவளாக எப்படிக் கண்டுபிடிப்பாள்?

கூடவே இதையும் எழுதுங்கள்: நுனியைக் கடித்துப் பார்த்துக் கசந்தால் துப்பிவிட்டு அந்தக் கிழங்கைத் தூரப் போடு. பிடுங்கி இரண்டு மூன்று நாள் ஆனால் உள்ளே நீலமும் கறுப்புமாக வரி ஓடும், அதை வாங்காதே. அப்புறம், கிழங்குக்கு மீன்கறி ஏன் என்றும் ஒரு வரி. சயனைடை முறித்து வெளியேற்ற உடம்புக்குக் கந்தகம் வேண்டும், அது மீன் மாதிரிப் புரதச் சாப்பாட்டிலிருந்து வருகிறது. சாளைக்கறி (மத்தி மீன் கறி) ருசிக்கு மட்டும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் என்று 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவைச் சொல்வார்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனபோது, கல்குளமும் விளவங்கோடும் உட்பட அந்த ராஜ்ஜியமே கிழங்கில்தான் உயிர் பிடித்தது. பட்டினியில் இருந்தவர்கள்கூட அந்தத் தண்ணீரைக் கொட்டினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது தீயல். இதில் ஆபத்து ஒன்றும் இல்லை, மனக்கஷ்டம்தான். ‘தேங்காயை மிதமான தீயில் 5 நிமிடம் வறுக்கவும்’ என்று எழுதுகிறீர்களே, எந்தத் தேங்காய்? இளசாக இருந்தால் ஈரம் வற்றவே நேரம் பிடிக்கும். முற்றினது என்றால் சீக்கிரம் நிறம் மாறும். கடையில் விற்கிற உலர்ந்த துருவலோ சட்டியில் போட்டதும் கருகத் தொடங்கும். நிமிடக் கணக்கு இங்கே செல்லாது. அடையாளம் சொல்லுங்கள். சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) நல்லமிளகும் கருவேப்பிலையும் சேர்த்து, கை எடுக்காமல் கிண்ட வேண்டும். வெள்ளை மஞ்சளாகி, பொன்னாகி, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரப் போகும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் சட்டிச் சூட்டில் அது இன்னும் கொஞ்சம் கறுக்கும். மல்லிப்பொடியும் வத்தல்பொடியும் அணைத்த பிறகுதான், இல்லாவிட்டால் கருகிக் கசக்கும். ஆறியபின் தண்ணீர் விடாமல் எண்ணெய் கக்கும் வரை அரைக்க வேண்டும். மிக்ஸியில் என்றால் விட்டு விட்டு. இத்தனையும் எழுதினால் நீளும்தான், நீளட்டுமே. உங்கள் வீட்டுப் பூனைக்குட்டி பற்றி முதலில் எழுதுகிற பத்தியைக் குறைத்துக்கொள்ளலாம்.

பாலூற்றிச் செய்கிற கறிக்கும் பிரதமன் பாயசத்துக்கும் இதே கதைதான். ‘கடைசியில் தேங்காய்ப்பால் சேர்க்கவும்’ என்று மட்டும் எழுதாமல், முதல் பாலை இறக்கும்போது சேர்க்கச் சொல்லுங்கள். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவள் சட்டிக்கு முன்னால் நின்று தானே முடிவெடுப்பாள்.

எல்லாவற்றுக்கும் ‘கேரளா ஸ்டைல்’ என்று தலைப்பு வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அடுப்பில் இருந்த குழம்பு அன்றைக்கு ராத்திரி மாறிவிடவில்லை. எல்லைக்கு அப்புறம் கேரளத்துப் பாறசாலையில் வைக்கிற மீன்கறியும் இந்தப் பக்கம் குழித்துறையில் வைக்கிற மீன்கறியும் சொந்தக்காரர்கள்தான். ஆனால் வீட்டுக்கு வீடு தேங்காய் அளவு மாறும், புளியும் மாறும், ஒரு வீட்டில் கொடம்புளி, அடுத்த வீட்டில் மாங்காய். ஆகவே மாநிலம் பெயர் போடுவதைவிட ஊர் பெயர் போடுங்கள், யாரிடம் கற்றீர்கள் என்று போடுங்கள். ‘இது ஒரிஜினல் இல்லை’ என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கும் அதுவே பதில்.

கடைசியாக ஒரு கோரிக்கை. மழைக்காலத்துக்கு என்று கிழங்கை அவித்து, வெயிலில் காயப்போட்டு வைக்கிற முறையை யாரும் ஒழுங்காக எழுதிப் பார்க்கவில்லை. எவ்வளவு கனத்தில் வெட்டுவது, எந்தப் பதத்தில் வடிப்பது, எத்தனை நாள் வெயில், சமைக்கும் முன் எவ்வளவு நேரம் ஊறப்போட்டு எத்தனை தண்ணீர் மாற்றுவது என்று தெரிந்தவர்கள், வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டாவது எழுதுங்கள். அடையாளத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
விளவங்கோடு பக்கத்துக்காரி ஒருத்தி