புங்க எண்ணெயை அப்படியே என்ஜினில் ஊற்றலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசலுக்கு மாற்றாகத் தாவர எண்ணெய்களைப் பயன்படுத்துவது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். செக்கில் ஆட்டிய புங்க எண்ணெயில் ஏதேனும் ஒரு வேதிச் சேர்மத்தைக் கலந்துவிட்டால் ஆயில் என்ஜினுக்கு அதுவே போதும் என்ற எண்ணம் வாசகர்களிடம் வேரூன்றிவிடுமோ என்று, முப்பது ஆண்டுகளாக டீசல் பம்பும் நாசிலும் பழுதுபார்த்து வரும் நான் அஞ்சுகிறேன்.

என்ஜின் ஓடும் என்பதில் ஐயமில்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது. ஆனால் தாவர எண்ணெயின் பாகுத்தன்மை டீசலைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு என்பதால், நாசில் அதைப் பனிபோலத் தூவ முடியாமல் பெருந்துளிகளாகவே விடுகிறது. சரிவர எரியாத மிச்சம் நாசில் முனையில் கரியாகப் படிந்து, பிஸ்டன் ரிங்குகளைப் பள்ளத்தோடு ஒட்டவைத்து, கீழே இறங்கி என்ஜின் ஆயிலையும் கூழாக்கிவிடுகிறது. டீசல் செலவை மிச்சப்படுத்த எண்ணிய உழவர் ஒருவர், இரண்டே மாதத்தில் இப்படி இறுகிப்போன பம்ப்செட்டை என்னிடம் கொண்டுவந்தார். அவர் மிச்சம் பிடித்ததைவிட ரிங்குக்கும் நாசிலுக்கும் ஆன செலவு அதிகம். எரிபொருள் எவ்வளவு விரைவாகத் தீப்பற்றும் என்பதைக் காட்டும் ‘சீட்டேன் எண்’ என்ற அளவை உயர்த்தும் சேர்மங்கள், அது விரைவில் தீப்பற்ற உதவுமேயன்றி, எண்ணெயை இளக்குவதில்லை.

மெத்தனாலும் காரமும் சேர்த்து வினைபுரிய வைத்து, அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்தெடுத்தால்தான் டீசலுக்கு நெருங்கிய பாகுத்தன்மையுள்ள பயோடீசல் கிடைக்கும். நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் பத்து கிலோ மெத்தனால் செலவாகும். புங்கம், இலுப்பை எண்ணெய்களில் அமிலம் மிகுந்திருந்தால், நேரடியாகக் காரத்தைச் சேர்த்ததும் சோப்பாகத் திரண்டுவிடும். முதலில் அமில வினையால் அதைக் குறைத்தாக வேண்டும். மெத்தனாலோ கொடிய நஞ்சு, பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. ஆகவே இதை வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்கும்படி யாரும் சொல்லக் கூடாது.

2009-ஆம் ஆண்டு தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் எரிபொருளில் 20 விழுக்காடு உயிரி எரிபொருளைக் கலப்பதை இலக்காக வைத்தது. அந்நாளில் பெரிதும் நம்பப்பட்ட காட்டாமணக்கு, நீரில்லா நிலத்தில் எதிர்பார்த்த விளைச்சலைத் தரவில்லை. நட்டவர்களே பிடுங்கி எறிந்ததைப் பார்த்திருக்கிறேன். 2018-ஆம் ஆண்டுக் கொள்கை, டீசலில் கலக்கும் பயோடீசலுக்கு 2030-க்குள் 5 விழுக்காடு என்ற இலக்கை வைத்திருக்கிறது. புதிதாக நிலம் தேடுவதைவிட, உணவகங்களில் மீந்துபோகும் பொரித்த எண்ணெயைத் திரட்டுவதே உடனடியாகக் கைகூடும் வழி என்பது என் கருத்து. அந்த எண்ணெய் மீண்டும் வாணலிக்குப் போகாமலும் இருக்கும்.

பழைய என்ஜின் வைத்திருப்போருக்கு ஒரு செய்தி: தரமான பயோடீசலும் தொட்டியில் படிந்த கசடைக் கரைத்து முதலில் பில்டரை அடைக்கும், பழைய ரப்பர் குழாய்களை உப்பச் செய்யும். பயோடீசலுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 15607-இன் சான்று உள்ளதையே வாங்குவது, தொடக்கத்தில் பில்டரை அடிக்கடி மாற்றுவது ஆகியவற்றையும் அடுத்த இதழில் விளக்கி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் பழுதுபார்ப்பவர்,
பல்லடம்.