முதலில் நல்ல தண்ணீர் கொடுங்கள்: மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு வேதியியல் ஆசிரியரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் ஆய்வகத்தின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. நாங்கள் அனுப்பிய கடிதங்கள் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. இந்த ஆண்டு பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் நடந்ததைப் பார்த்த பிறகு, இதைப் பொதுவில் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

பருமனறி பகுப்பாய்வுக்கு, அதாவது ஒரு கரைசலை இன்னொரு கரைசலோடு வினைபுரிய வைத்து அதன் செறிவைக் கண்டறியும் சோதனைக்கு, 0.1 நார்மல் செறிவுள்ள ஆக்சாலிக் அமிலம் வேண்டும். 6.3 கிராம் படிகத்தை நிறுத்துப் போட்டு, திட்டக் குடுவையில் கரைத்து, கோடு வரை நீர் விட்டு ஒரு லிட்டராக்க வேண்டும். அந்த நீர் காய்ச்சி வடித்த நீராக இருக்க வேண்டும். கைக்காசு போட்டு நாங்கள் வாங்கும் கேன்கள் பயிற்சி வகுப்புகளிலேயே தீர்ந்துவிடுகின்றன. தேர்வுக்கு மிஞ்சுவது குழாய் வாயில் உப்புப் பூத்திருக்கும் போர் தண்ணீர்தான். அதில் அமிலத்தைக் கரைத்தால் கொஞ்ச நேரத்தில் பால் சிந்தியதுபோல் கலங்குகிறது. தண்ணீரிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டோடு சேர்ந்து வீழ்படிவாக இறங்குகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் இருந்தாலே, போட்ட அமிலத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு இப்படிப் போய்விடும். அந்த அமிலத்தோடு வினைபுரிய, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடும் பர்மாங்கனேட் கரைசல் 20 மில்லி செலவாக வேண்டிய இடத்தில் 19இல் நின்றுவிடும்.

தேர்வன்று அதுதான் நடந்தது. மேலே தெளிந்ததை வாங்கிய பிள்ளைகளுக்கு ஓர் அளவு, அடியில் இருந்ததை வாங்கியவர்களுக்கு வேறோர் அளவு. கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கும்போது வீழ்படிவு கரைந்து, அதுவும் பர்மாங்கனேட்டைச் செலவழிக்கும் அல்லவா? வினை முடிந்ததைக் காட்டும் இளஞ்சிவப்பு நிலைத்த அந்த ஒரு சொட்டில் சரியாக நிறுத்தி, கணக்கையும் பிழையில்லாமல் போட்ட ஒரு மாணவி, விடை ஒத்துவரவில்லை என்று மதிப்பெண் இழந்தாள். அவளிடம் என்ன தப்பு?

பள்ளிக்கு ஒரு வடிகலன், அதாவது தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி, கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஆய்வக உதவியாளர் பணியிடம் காலியாகவே கிடக்கிறது. 98 சதவீதக் கந்தக அமிலத்தைத் தண்ணீரில் துளித்துளியாக விட்டு நீர்க்கச் செய்யும் வேலையையும், வகுப்பு நடத்திக்கொண்டே ஆசிரியர்தான் பார்க்க வேண்டும். கவனம் சிதறி மாற்றி ஊற்றினால் அமிலம் கொதித்து முகத்தில் தெறிக்கும். தட்டில் எதுவும் வைக்காமலே தராசில் எண் ஓடுகிறது. இதற்கிடையே ஸ்மார்ட் போர்டில் செய்முறை வீடியோ போட்டுக் காட்டச் சொல்லிச் சுற்றறிக்கை வருகிறது. வீடியோ பார்த்தால் பிப்பெட் பிடிக்க வந்துவிடுமா? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்று யார் முடிவு செய்தது?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த செய்முறைத் தேர்வுக்கு முன் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு வடிகலன் தாருங்கள். அது வரும்வரை, தேர்வுக்குப் போதுமான வடிநீரையாவது அனுப்பிவையுங்கள். அப்புறம், இந்த ஆண்டு அந்தக் கரைசலை வாங்கிய பிள்ளைகளின் விடைத்தாள்களை மறுபடி எடுத்துப் பார்க்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர்