சிவப்பா பச்சையா என்று கேட்கிற கடைக்கு ஸ்டார் போடுமுன்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலக் குடும்ப உணவகங்களைப் பற்றித் தமிழில் மதிப்புரை எழுதும், வீடியோ போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். டல்லாஸிலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ நீண்ட வார இறுதிக்குக் காரில் கிளம்பி, ஒயிட் சாண்ட்ஸ் மணல்மேட்டில் படம் எடுத்து, அல்புகர்க்கி வழியாக சாண்டா ஃபே வரை போகிறீர்கள். வழியில் பத்துப் பன்னிரண்டு மேசை போட்ட குடும்பக் கடை ஒன்றில் சாப்பிடுகிறீர்கள். இரவு விடுதி அறையிலிருந்து மதிப்புரை ஏறிவிடுகிறது. காரமே இல்லை. மெக்சிகன் சாப்பாடு மாதிரியே இல்லை. சிப்ஸுக்குக்கூடக் காசு. மதியம் மூன்று மணிக்குப் போனால் கடை பூட்டிக் கிடக்கிறது. ஆக இரண்டு ஸ்டார்.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவை குறைகளே இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். உண்மையான குறைகள் வேறு இருக்கின்றன. அவற்றை எழுதுங்கள், தாராளமாக ஸ்டாரைக் குறையுங்கள்.

முதலில், இது மெக்சிகன் உணவும் இல்லை, டெக்சாஸ் பாணி மெக்சிகன் உணவான டெக்ஸ்-மெக்ஸும் இல்லை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான பூவெப்லோ மக்களின் சோளம், பீன்ஸ், பூசணி; 1598 முதல் குடியேறிய ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமை, பன்றி, ஆடு; இவற்றோடு மிளகாய். இவை நானூறு ஆண்டுகள் ஒரே மேசையில் கிடந்து உருவான சமையல் இது. டெக்ஸ்-மெக்ஸ் தட்டில் சீரக வாசம் தூக்கலாக வரும். நியூ மெக்சிகோவில் சிவப்பு சிலேயில், அதாவது சிவப்பு மிளகாய்க் குழம்பில், சீரகம் போடுவதைப் பல குடும்பங்கள் ஒப்புக்கொள்வதே இல்லை. நம் நாக்கு சீரகத்தைத் தேடும், கிடைக்காது. அதை ‘மசாலா பத்தவில்லை’ என்று எழுதாதீர்கள். சிலே என்பது அங்கே தொட்டுக்கொள்ளும் சட்னி இல்லை, மேலே ஊற்றும் குழம்பு. ஆர்டர் எடுக்கும்போது ‘சிவப்பா பச்சையா’ என்று கேட்பது அதைத்தான். மற்றதெல்லாம் அந்தக் குழம்புக்கு அடியில் கிடக்கிற சோறு மாதிரிதான்.

அடுத்தது காரம். நியூ மெக்சிகோ மிளகாயைக் காரம் குறைந்த, ஒரே சீரான காயாக வளர்த்தெடுத்தவர் ஃபேபியன் கார்சியா என்கிற தோட்டக்கலை அறிஞர். அவருடைய ‘நியூ மெக்சிகோ நம்பர் 9’ ரகம் 1921-இல் வெளிவந்தது. உள்ளங்கையை விட நீளமாகக் காய்க்கும் ‘பிக் ஜிம்’ ரகத்தை ராய் நகயாமா 1975-இல் கொடுத்தார். நிறையப் பேர் சாப்பிட வேண்டும், தோல் சுலபமாக உரிய வேண்டும், சதை கனமாக இருக்க வேண்டும் என்பவை அவர்களுடைய கணக்கு. குண்டூர் மிளகாய்க்கு, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில், முப்பதாயிரத்துக்கு மேல் சொல்வார்கள். இங்குள்ள சாதாரண ரகங்கள் சில ஆயிரங்களோடு நின்றுவிடும். குண்டூர்க் கோலை வைத்து அளந்தால் மாநிலத்தின் எல்லாக் கடையும் தோற்கும். ஆனால் குண்டூர் மிளகாயில் நான்கைச் சுட்டு, அரைத்து, ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிச் சாப்பிட முடியுமா? இங்கே முடியும், ஏனென்றால் இங்கே மிளகாய் ஒரு காய்கறி. பின்ட்டோ பீன்ஸோடு சேர்த்து 1965-இலேயே அதை மாநிலக் காய்கறியாக அறிவித்துவிட்டார்கள்.

போதாததற்குக் காரம் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரே வயல், ஒரே விதை என்றாலும் தண்ணீர் குறைந்து வெயில் ஏறிய வாரத்துக் காய் அதிகம் எரிக்கும். தொழிற்சாலைச் சாஸ் வாங்கும் சங்கிலிக் கடையில் இந்தப் பிரச்சினை கிடையாது. மூட்டையாக வாங்கிச் சுட்டு, உரித்து, உறையவைத்து வருடம் முழுக்க எடுத்துச் சமைக்கும் குடும்பக் கடையில் கட்டாயம் உண்டு. எனவே காரத்தைப் பற்றி எழுதினால் சாப்பிட்ட மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். இன்னும் எளிய வழி, ஆர்டர் கொடுக்குமுன் இரண்டு சிலேயையும் சின்னக் கிண்ணத்தில் ருசி பார்க்கத் தரும்படி கேட்பது. பெரும்பாலான கடைகளில் முகம் சுளிக்காமல் தருவார்கள். எது அதிகக் காரம் என்று பரிமாறுபவரிடமும் கேளுங்கள். பச்சைதான் எரிக்கும், சிவப்பு சாது என்று பொதுவாகச் சொல்ல முடியாது, அன்றன்றைக்கு மாறும்.

சிவப்பும் பச்சையும் ஒரே செடியின் காய்கள்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் பச்சையாகப் பறித்துச் சுட்டால் பச்சை சிலே, செடியிலேயே பழுக்கவிட்டு அக்டோபர் வாக்கில் பறித்துக் காயவைத்தால் சிவப்பு சிலே. நம்மூர் பச்சை மிளகாய்க்கும் வற்றலுக்கும் உள்ள உறவேதான். ‘ஹாட்ச்’ என்பதையும் மிளகாய் ரகம் என்று எழுதுகிறீர்கள். அது ஊர்ப் பெயர். ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் அந்தப் பள்ளத்தாக்கில் விளைவது எந்த ரகமானாலும் ஹாட்ச்தான்.

பச்சை சிலேயில் கவனிக்க வேண்டியது என்ன? காய்களைக் கம்பிவலை உருளையில் போட்டுக் கேஸ் தீயில் சுழற்றுவார்கள். தோல் கொப்பளித்துக் கருகியதும் எடுத்து மூடிவைத்து, தன் ஆவியிலேயே புழுங்கவிட்டு உரிப்பார்கள். (சுடும்போது எழும் அந்த வாசனையை 2023-இல் மாநில நறுமணமாகச் சட்டமே போட்டுவிட்டார்கள். நம் ஊரில் யாராவது பெருங்காயத்துக்கு முயற்சி செய்யலாம்.) கையால் உரித்ததில் ஆங்காங்கே கருப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். ‘சாஸில் கருப்பாக ஏதோ மிதக்கிறது’ என்று படம் போடுகிறீர்களே, அது சுட்ட தோல். கழுவி எடுத்தால் துணுக்கு போகும், கூடவே சுட்ட மணமும் போகும் என்றுதான் விட்டுவைக்கிறார்கள். ஆனால் தோல் நீளநீளமாகப் பல்லில் மாட்டினால் அது அவசர வேலை, எழுதுங்கள். லேசான புளிப்பு தட்டினால் டப்பாவில் வரும் காயாக இருக்கக்கூடும், சிட்ரிக் அமிலத்தின் புளிப்பு அது. துண்டுகள் தெரியாமல் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் சோளமாவை அள்ளிப் போட்டுக் கெட்டியாக்கியிருக்கிறார்கள்.

சிவப்பில் தவறு நடக்க இன்னும் அதிக இடம் உண்டு. காம்பும் விதையும் நீக்கிய வற்றலைக் கழுவி, வாணலியிலோ அடுப்பிலோ வாசம் வரும்வரை மட்டும் வாட்டி, சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பூண்டு உப்போடு அரைத்து, வடிகட்டி, கொதிக்கவிடுவது முறை. தாளிப்பில் வற்றல் ஒரு நொடி கூடுதலாக நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதேதான், நெடி ஏறிக் கசக்கும். பிறகு தேன் ஊற்றினாலும் தீராத கசப்பு அது. நாக்கில் மணல் போல் நெருடினால் வடிகட்டவில்லை. பச்சை மாவு வாசம் அடித்தால், கெட்டியாக்கப் போட்ட கோதுமை மாவைக் கொழுப்பில் வறுக்காமல் விட்டிருக்கிறார்கள். சோதிக்க எளிய வழி ஒன்று சொல்கிறோம். தட்டை ஒரு பக்கம் லேசாகச் சாயுங்கள். நல்ல சிவப்பு சிலே மெதுவாக ஒன்றாக நகரும். தண்ணீர் தனியாக ஓடி, சக்கை பின்தங்கினால் அரைப்பும் கொதியும் போதவில்லை. தக்காளி இனிப்பு வந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம், அந்தக் கடை வேறு எதையோ சிவப்பு சிலே என்று விற்கிறது.

எது வேண்டும் என்று முடிவு செய்ய முடியாவிட்டால் ‘கிறிஸ்துமஸ்’ என்று சொல்லுங்கள். பாதி சிவப்பு, பாதி பச்சை வரும். மதிப்புரை எழுதப் போகிறவர்களுக்கு இதை விட்டால் வேறு ஆர்டரே கிடையாது.

அடுத்து சோப்பைப்பியா. இதைப் பற்றித்தான் அதிகம் தப்பாக எழுதுகிறீர்கள். ‘பூரி மாதிரி, ஆனால் உப்புச்சப்பில்லை’ என்று. பார்வைக்குப் பூரிதான். மைதா மாவில் பேக்கிங் பவுடரும் உப்பும் சேர்த்து, கொழுப்பைப் பிசறி, வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து, ஊறவைத்து, மெல்லியதாகத் திரட்டிச் சதுரமாகவோ முக்கோணமாகவோ வெட்டி, 190 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் போடுவது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தலையணை மாதிரி உப்ப வேண்டும். எண்ணெய் ஆறியிருந்தால் உப்பாமல் எண்ணெய் குடிக்கும். திரட்டிய மாவு காற்றில் காய்ந்து மேலே ஏடு கட்டினால் ஒரு பக்கம் மட்டும் புடைத்து மறுபக்கம் தட்டையாகக் கிடக்கும். தட்டில் வந்தவுடன் ஒரு மூலையைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே வெற்றறை இருந்து ஆவி வந்தால் சரி. உள்ளே மாவு ஒட்டியிருந்தால் கனமாகத் திரட்டியது. அந்த மூலை வழியாகத் தேனை விட்டுச் சாப்பிட வேண்டும். இது கடைசியில் வரும் இனிப்பு அல்ல, சாப்பாட்டுக்கு நடுவே நாக்கின் எரிச்சலை ஆற்ற வைத்திருப்பது. காரத்துக்குத் தண்ணீர் குடித்துப் பயனில்லை, மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது. தேனும் கொழுப்பும்தான் தணிக்கும். ஆற விட்டுப் படம் எடுத்துவிட்டு ‘ரப்பர் மாதிரி’ என்று எழுதினால் குற்றம் கடையினுடையது இல்லை.

டோர்ட்டியா ரொட்டியில் செய்யும் என்ச்சிலாடா இங்கே சுருட்டி வர வேண்டும் என்பதில்லை. நீலச்சோள டோர்ட்டியாவைத் தோசை அடுக்குவது மாதிரி அடுக்கி, இடையில் சீஸும் வெங்காயமும் தூவி, மேலே சிலே ஊற்றி, அதன் மேல் ஒரு பொரித்த முட்டையும் வைப்பது வடக்குப் பக்கத்துப் பழக்கம். டோர்ட்டியாவைச் சில நொடி சூடான எண்ணெயில் முக்கி எடுத்திருக்க வேண்டும். அதை விட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து களியாகிவிடும். அப்படி வந்தால் தயங்காமல் எழுதுங்கள். ஓரத்தில் நறுக்கிய லெட்டூஸும் தக்காளியும், மேலே உருகிய மஞ்சள் சீஸும் ஏமாற்று வேலை அல்ல, அந்த ஊர் வழக்கம்.

பொசோலே பற்றி ஒரு சொல். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி, பன்றி இறைச்சியோடு கொதிக்கவைக்கும் கஞ்சி இது. சுண்ணாம்பு வெறும் தோலை நீக்க மட்டும் இல்லை. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. மணிகள் பூ மாதிரி வெடித்து மலர்ந்திருக்க வேண்டும். சாண்டா ஃபே கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சோளமும் பீன்ஸும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். நடுவில் கடக்கென்று இருந்தால் அடுப்பை முன்கூட்டியே அணைத்திருக்கிறார்கள். பரிமாறும் நேரத்தைக் கணக்கிட்டு வேலையைச் சீக்கிரம் தொடங்காததே காரணம்.

சைவ வாசகர்களை நம்பி நீங்கள் எழுதுவதால் இது முக்கியம். ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் கறித்துண்டு இல்லாத தட்டு வரும், அவ்வளவுதான். பச்சை சிலேயில் பன்றி இறைச்சியோ கோழிச் சாறோ இருக்கலாம். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். சோப்பைப்பியா மாவிலும் கோதுமை டோர்ட்டியாவிலும் அதே கொழுப்பு, சாதத்தில் கோழிச் சாறு. இப்படி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை மதிப்புரையில் அப்படியே போடுங்கள். பூசணியும் சோளமும் பச்சை சிலேயும் சேர்ந்த காலபசீட்டாஸ் பல கடைகளில் இருக்கும், அதைத் தேடுங்கள். கோதுமை ஒவ்வாதவர்களுக்காக, சிலேயில் மாவு சேர்க்கிறார்களா என்பதையும் கேட்டு எழுதினால் புண்ணியம்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால், அமெரிக்க உணவகங்களுக்கு விருது தரும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை ‘அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்’ விருது கொடுத்த இந்த மாநிலக் கடைகளில் மூன்றைச் சொல்கிறோம் (விருது ஆண்டு அடைப்புக்குறியில்): சாண்டா ஃபேயில் 1953-இல் தொடங்கிய ‘தி ஷெட்’ (2003), அல்புகர்க்கியில் 1963-இல் தொடங்கிய ‘மேரி அண்ட் டிட்டோஸ்’ (2010), சிமாயோவில் 1965-இல் தொடங்கிய ‘ராஞ்சோ டி சிமாயோ’ (2016). அந்தப் பக்கம் அரிசோனாவின் டூசானுக்குப் போனால் இந்த அளவுகோலை மூட்டை கட்டிவிடுங்கள். அங்கே மெக்சிகோவின் சோனோரா மாநில வழிச் சமையல், காகிதம் போல் மெல்லிய பெரிய கோதுமை டோர்ட்டியா, உலர்த்திய மாட்டிறைச்சி. சிவப்பா பச்சையா என்று அங்கே கேட்காததைக் குறையாக எழுதுவது, மதுரையில் ஆப்பம் சரியில்லை என்று எழுதுவது மாதிரி.

நேரத்தையும் சொல்லிவிடுகிறோம். இவற்றில் பல காலை, மதிய உணவுக் கடைகள். மதியம் இரண்டு மூன்று மணிக்குச் சாத்திவிடுவார்கள், சிலருக்கு ஞாயிறு விடுமுறை. காலையில் ஒரு பானை சிலே வைக்கிறார்கள், அது தீர்ந்தால் கடை முடிந்தது.

இனி எழுதும்போது, மாதிரிக்கு, இவ்வளவு இருந்தால் போதும்:

“செப்டம்பர், சனி காலை 11 மணி. நீலச்சோள என்ச்சிலாடா, அடுக்கு, கிறிஸ்துமஸ், மேலே முட்டை. பச்சையில் சுட்ட மணம் நன்றாக இருந்தது, நம் நாக்குக்கு நடுத்தரக் காரம். பன்றி இறைச்சி சேர்க்கிறார்கள். சிவப்பில் லேசான கசப்பு, தட்டைச் சாய்த்தால் தண்ணீர் பிரிந்தது. பீன்ஸில் கொழுப்பு இல்லை என்றார்கள். சோப்பைப்பியா இரண்டில் ஒன்று உப்பவில்லை, சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். மதியம் 2-க்கு மூடுகிறார்கள்.”

இதற்கு மூன்று ஸ்டார் போட்டாலும் கடைக்காரர் உங்களைக் கோபிக்க மாட்டார். மறுநாள் வற்றலைக் கொஞ்சம் குறைவாக வாட்டுவார்.

அன்புடன்,
சிலே தட்டை மறுபடி மறுபடி சாய்த்துப் பார்க்கும் சிலர்