மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி மாத ஞாயிறு இணைப்பு ஒன்றில், எச்.ஐ.வி.க்கு மரபணு சிகிச்சை வந்துவிட்டது, "இனி ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டியதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். வாயில் சர்க்கரைதான்.

போன வாரம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். பீடி சுற்றுகிற சொளவுக்கு அடியிலிருந்து, நூல் ஒட்டிய அந்தப் பக்கத்தை மடிப்பு மடிப்பாக எடுத்துக் காட்டினாள். "எக்கா, இனி வேண்டாமாமே!" போன மாதம் எச்.ஐ.வி. மாத்திரை தருகிற ஏ.ஆர்.டி. மையத்துக்கே அவள் போகவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? 2014-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 12 பேர்தான். மாத்திரை வைரஸை அடக்கி வைத்திருக்கும்போதே அவர்களுடைய சி.டி.4 என்கிற நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்து, வைரஸ் நுழையும் வாசலான சி.சி.ஆர்.5 மரபணுவைச் சிலவற்றில் வெட்டித் திரும்ப ஏற்றினார்கள். சி.டி.4 எண்ணிக்கை ஏறியது உண்மை. அப்புறம் சிலருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். வைரஸ் திரும்பி வந்தது. ஒருவருக்கு மட்டும் மறுபடி அடங்கியது. அவருக்குப் பிறவியிலேயே அந்த மரபணுவின் ஒரு பிரதி பழுது. இதையெல்லாம் விட்டுவிட்டு எச்.ஐ.வி.யிலிருந்து முதன்முதலில் குணமான 'பெர்லின் நோயாளி' திமோத்தி ரே பிரவுன் படத்தைப் போட்டீர்கள். அவருக்கு ரத்தப் புற்றுநோய். அதற்காகத்தான் ஸ்டெம்செல் மாற்றினார்கள். பீடிக்காரிக்கு அதை யார் செய்வார்கள்?

நானும் மாத்திரை சாப்பிடுகிறவள்தான். 2004-இல் அரசு இலவசமாகத் தர ஆரம்பித்திராவிட்டால் இந்தக் கடிதம் எழுத ஆள் இருந்திருக்காது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்துக்கு வருகிறவர்களிடம் "ஒரு வேளையும் தவறக் கூடாது" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது. நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

டிசம்பர் 1, எய்ட்ஸ் தினம் வந்தால் அதிகாரிகள் சிவப்பு ரிப்பன் குத்திக்கொள்ளும் படம் முதல் பக்கத்தில். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு என்னை வேறு இடம் பார்க்கச் சொன்ன தனியார் மருத்துவர் பற்றி அன்றைக்கே எழுதினேன். பாகுபாடு கூடாதென்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது. என் கடிதம்தான் வரவில்லை. இடமில்லையாம். சரி, பரவாயில்லை.

கேட்பது பெரிதொன்றுமில்லை. அதே ஞாயிறு இணைப்பில், ராசிபலன் பக்கத்தில் ஒரு மூலையிலாவது, "மருத்துவர் சொல்லாமல் ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தாதீர்கள், சந்தேகத்துக்கு 1097 உதவி எண்" என்று கட்டம் கட்டிப் போடுங்கள். வெட்டிக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு வசதியாக இருக்கும்.

பெயர் வேண்டாம். ஊரையும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலி மாவட்ட வாசகி