பதவி போனதால் மாறியவரல்லர் முன்தஸிரி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரானிய ஆட்சிமுறை பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரை, ஆயதுல்லாஹ் ஹுசைன் அலி முன்தஸிரி, ஈரானியப் புரட்சித் தலைவர் கொமெய்னியின் வாரிசு என்ற பதவி பறிபோன கோபத்தில், மார்க்க அறிஞரின் ஆட்சி பற்றிய தன் கொள்கையை மாற்றிக்கொண்டார் என்கிறது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது நிற்காது.

1979இல் அரசியலமைப்பை ஆக்கிய நிபுணர் சபைக்கு அவரே தலைவர். அவ்வாண்டு ஜூனில் வந்த முதல் வரைபில் விலாயத்துல் பகீஹ், அதாவது மார்க்கச் சட்ட அறிஞரின் ஆட்சியதிகாரம், இருக்கவேயில்லை. அந்தச் சபைதான் அதை 5ஆம் உறுப்புரையாகச் சேர்த்தது. அந்தப் பொறுப்பிலிருந்து அவரை யாரும் விடுவிக்க முடியாது.

ஆனால் 1980களில் ஈரானின் கும் நகரில் அவர் நடத்திய பாடங்களைப் பாருங்கள். பின்னர் அரபியில் நான்கு பாகங்களாக நூலானவை. தகுதியுள்ள பகீஹ்களை, அதாவது மார்க்கச் சட்ட அறிஞர்களை, நபிகளாருக்குப் பின் ஷியாக்கள் ஏற்கும் தலைவர்களான இமாம்களே முன்கூட்டி ஆட்சிக்கு நியமித்துவிட்டார்கள் என்பது 1970இல் கொமெய்னி ஈராக்கின் நஜபில் ஆற்றிய உரைகளின் அடித்தளம். முன்தஸிரி அங்கேதான் கைவைக்கிறார். ஒரே காலத்தில் தகுதியுள்ளோர் பலர் இருந்தால் என்ன செய்வது? எல்லோருக்கும் அதிகாரம் என்றால் ஆளுக்கொரு கட்டளை பிறந்து நாடு குழம்பும். ஒருவருக்கு மட்டும் என்றால், அவர் இன்னார் என்று காட்ட வழியில்லை. எல்லோரும் ஒருமித்தே முடிவெடுக்க வேண்டும் என்றால் எந்தக் கருமமும் நடவாது. ஆகவே தகுதியை மார்க்கம் வரையறுக்கும், ஆளை மக்கள் தெரிவுசெய்வார்கள், பைஅத், அதாவது தலைவருக்கு மக்கள் அளிக்கும் விசுவாச உறுதிமொழி, இருதரப்பு ஒப்பந்தமாகும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் வாசகர்களுக்குப் பைஅத் புதிய சொல்லல்ல. ஷியா அறிஞர் ஒருவர் அதில் வந்து நின்றார் என்பதை அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதே கட்டுரையின் பெருங்குறை. ஒப்பந்தம் என்றான பிறகு நிபந்தனையும் போடலாம், காலவரையறையும் வைக்கலாம்.

இந்தப் பாடங்கள் நடந்தபோது அவர் பதவியிழந்தவரல்லர். 1985இல் கொமெய்னியின் வாரிசாகத் தெரிவானவர். 1988இல் சிறைகளில் அரசியல் கைதிகள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டதை எதிர்த்து எழுதினார். 1989 மார்ச்சில் வாரிசுரிமை போயிற்று. அதே ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம், நாட்டின் உச்சத் தலைவர் மர்ஜாவாக, அதாவது மக்கள் பின்பற்றும் உயர்நிலை மார்க்க அறிஞராக, இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை நீக்கி, 57ஆம் உறுப்புரையில் பகீஹின் அதிகாரத்துக்கு ‘முழுமையான’ என்ற அடைமொழியைச் சேர்த்தது. அவர் சென்ற திசைக்கு நேரெதிர் அது.

1997 நவம்பரில், பகீஹின் வேலை மேற்பார்வையே, எல்லாவற்றிலும் தலையிடுவதல்ல என்று பகிரங்கமாகப் பேசினார். அதற்காக 2003 ஜனவரி வரை வீட்டுக்காவல். 2008இல், பஹாய் மதத்தவர் வேதக்காரர் (யூதர், கிறிஸ்தவர் போல இறைவேதம் பெற்றவர்) அல்லரென்றாலும் அந்த மண்ணின் குடிகள், குடியுரிமை அவர்களுக்கும் உண்டு என்று பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார். 2009 டிசம்பரில் காலமானார்.

அடுத்த ஞாயிறு இதழில் இந்த ஆண்டு வரிசையை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

வாசகர்,
உட்துறைமுக வீதி, திருகோணமலை